ஹேக்கிள்: கழுத்திறகா, சிலிர்ப்பா, சுற்றுத்தூவியா?

குழுவினருக்கு வணக்கம். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டி, மீனை ஏய்க்கச் செய்யும் பொய்ப்பூச்சியைத்தான் ‘ஈ’ என்கிறோம். அதில் சுற்றும் இறகுக்கு ஆங்கிலத்தில் ஹேக்கிள் (hackle) என்று பெயர். நம் கட்டுரைக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடியபோது குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஹேக்கிள் என்பது சேவலின் கழுத்து இறகுதானே? ‘கழுத்திறகு’ என்றே வைத்துவிடலாம்.

வைத்தால் உடனே இடிக்கும். சேவலின் முதுகுக் கடைசியில் தொங்கும் நீள இறகையும் ஹேக்கிளாகச் சுற்றுகிறார்கள். யார்க்‌ஷயரின் பழைய ஈக்களில் சுற்றுவது கௌதாரி இறகு. இன்னொரு பக்கம், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச்சேவல் இருக்கிறது. மெழுகைச் சொட்டினாற்போலப் புள்ளி பதிந்த அதன் கழுத்திறகு ஒரு காலத்தில் இங்கிருந்து பிரிட்டனின் சால்மன் ஈக்களுக்குப் போனது. அதைச் சுற்றுவதில்லை, பக்கத்துக்கு ஒன்றாகப் படுக்கவைத்துக் கட்டுவார்கள். கழுத்திலிருந்து வந்தும் ஹேக்கிள் ஆகவில்லை!

அதனால் இறகு எங்கே முளைத்தது என்பதை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையைப் பார்ப்போம். நம் கட்டுரை நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப் பாணியைப் பற்றியது. 1890இல் இங்கிலாந்திலிருந்து, மிதக்கும் ஈ முறையின் முன்னோடியான ஹால்ஃபர்ட் அனுப்பிய மிதக்கும் ஈக்களை வைத்துக்கொண்டு, நெவர்சிங்க், பீவர்கில் போன்ற துள்ளியோடும் ஆறுகளுக்குத் தோதாக ஈ கட்டியவர் தியோடர் கார்டன். அந்த ஓட்டத்தில் ஈயைத் தாங்குவது இந்த இறகின் இழைகள். முள்ளின் தண்டைச் சுற்றி இறகை வளைத்தால் இழைகள் சக்கரத்தின் ஆரம்போல நாலாபக்கமும் விரியும். அந்த நுனிகள்தான் நீர்மேல் ஊன்றி நிற்கின்றன.

கட்டும்போது பார்க்க வேண்டியவை: 12ஆம் எண் முள் என்றால், இழையின் நீளம் முள்வாயின் (தண்டுக்கும் கூர்முனைக்கும் இடையிலுள்ள இடைவெளியின்) அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு. இறகின் அடியிலுள்ள பஞ்சை முழுக்க உரித்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் தண்ணீர் குடித்து ஈ அமிழும். நூல்கட்டுக்கும் முதல் இழைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது மொட்டை ஈர்க்கு (இறகின் நடுக்குச்சி) இருக்கட்டும். இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே இழைகள் கோணிக்கொள்ளும், அடுத்தடுத்த சுற்றுகளும் அதன்மேல் சரியும். ஈயின் இறக்கைக்குப் பின்னால் இரண்டு மூன்று சுற்று, முன்னாலும் அவ்வளவே. முள்ளின் காதுக்கு (தூண்டில் நரம்பைக் கோக்கும் வளையத்துக்கு) பின்னால் ஒரு காதளவு இடம் வெறுமையாக விட வேண்டும்.

இன்றைய பண்ணைச் சேவல்களின் இறகு அவ்வளவு நீளம். ஒரே இறகில் பத்துச் சுற்றுக்கு மேல் வரும். கை நிற்காமல் சுற்றிவிட்டால் ஈ நன்றாகவே மிதக்கும், ஆனால் அது கேட்ஸ்கில் ஈ அல்ல, பாட்டில் கழுவும் பிரஷ். கேட்ஸ்கில் ஈ கட்டுநர் ரூப் கிராஸ் தன் முறையைச் சொல்லித்தர மறுத்தபோது, கற்க வந்த வால்ட் டெட் அவருடைய ஈக்களை விலைக்கு வாங்கி ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துத்தான் கற்றார். மரபு இருப்பது அந்தச் சுற்றுக் கணக்கில். சொல்லிலும் ‘சுற்று’ இருக்கட்டும் என்பது என் கட்சி.

> ‘சிலிர்ப்பு’ அழகாக இருக்கிறதே? சேவல் சிலிர்க்கிறது என்கிறோமே?

அழகுதான். “இரண்டு சிலிர்ப்பை எடுத்து அடியை உரிக்கவும்” என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

என் முன்மொழிவு: சுற்றுத்தூவி.

---

மறுமொழி:

‘சுற்றுத்தூவி’ எனக்கும் சம்மதம், ஒரு திருத்தத்தோடு. தூவி என்றாலே அன்னத்தூவி மெத்தை நினைவுக்கு வரும். மிதக்கும் ஈக்கு அந்த மென்மைதான் எதிரி. எனவே பொதுச்சொல்லாகச் சுற்றுத்தூவி. அதற்குள் சேவலுடையது ‘விறைத்தூவி’, பெட்டையுடையதும் கௌதாரியுடையதும் ‘மென்தூவி’. அமிழும் ஈக்கு இரண்டாவது.

விளக்கத்தில் சோதனையையும் சேர்த்துவிடலாம்: இறகை வில்லாக வளைத்து வெளிச்சத்தில் பிடித்தால் விறைத்தூவிக்கு உகந்த இறகின் இழைகள் தனித்தனியே விலகி நிற்கும், ஈர்க்கை ஒட்டி மங்கலாக ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் பஞ்சு. பட்டை நுனிவரை ஏறியிருந்தால் அந்த இறகு மிதக்கும் ஈக்கு உதவாது. பையில் கிடக்கும்வரை அது வெறும் இறகு, முள்ளில் ஏறிய பிறகே சுற்றுத்தூவி என்பதையும் எழுதிவிடுங்கள்.

‘தண்டு’ முள்ளுக்கு மட்டும், இறகுக்கு ‘ஈர்க்கு’ என்று நீங்கள் பிரித்தது நல்லது. துடைப்பக்குச்சி தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இனி, காதுக்குப் பின்னாலுள்ள அந்த வெற்றிடம். ‘பிடரி’ என்று எழுதிப் பார்த்தேன். இறகு எடுப்பதே சேவலின் பிடரியிலிருந்து என்பதால் இரண்டாம் பத்தியிலேயே குழம்பிவிட்டது. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.