மைக்க பிடிச்சா எல்லாம் மறந்துடுது, பிரசங்கம் பண்ண எப்படி பழகுறது?
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்துல மாசம் ஒரு தடவ செய்தி கொடுக்கச் சொல்லி பாஸ்டர் பொறுப்பு கொடுத்திருக்காரு, ஜெபிச்சு தயாரிச்சுட்டுத்தான் போறேன் ஆனா மைக்க பிடிச்சதும் கை நடுங்கி பைபிள் பக்கமே புரட்ட வரல, 20 நிமிஷ செய்திய 7 நிமிஷத்துல கடகடன்னு முடிச்சுடுறேன். முழுசா எழுதி வாசிச்சா யார் முகத்தையும் பாக்க முடியல, குறிப்பு மட்டும் வச்சா நடுவுல விட்டுப்போகுது. போன்ல பதிவு பண்ணி கேட்டா ஒவ்வொரு வரி முடிவுலயும் சத்தம் இறங்கிடுது.

யாத்திராகமம் 4:10ல மோசேயும் தான் வாக்குவல்லவன் இல்லன்னுதான் சொன்னாரு, கர்த்தர் அவர விடல, அது எனக்கு பெரிய தைரியம், ஆனாலும் கத்துக்க வேண்டியத கத்துக்கணும்ல. ஊழியத்துல இருக்குற பிரதர்ஸ், சிஸ்டர்ஸ், குறிப்பு எப்படி எழுதுவீங்க, வேகத்த எப்படி குறைச்சீங்க? அடுத்த செய்தி பிலிப்பியர் 4:6, ரெண்டு வாரந்தான் இருக்கு.