சங்கீதம் 121: 20 நிமிடப் பிரசங்கத்தை எங்கே தொடங்குவது?

முதுநகர்_வாலிபர்: டிசம்பர் 26 சுனாமி நினைவு ஆராதனைக்கு சங்கீதம் 121 கொடுத்திருக்காங்க. 8 வசனத்தையும் வரிசையா விளக்கினா 20 நிமிஷம் போதாது போலிருக்கே, ஐயா?

எபிரெயப்_பிரியன்: வரிசையா போகாதீங்க தம்பி. காத்தலைக் குறிக்கும் ‘ஷாமர்’ என்ற வேர்ச்சொல் இதில் 6 தடவை வருது: 3, 4, 5, 8இல் ஒவ்வொன்று, 7இல் இரண்டு. அதையே நூலாப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. பலர் சறுக்குறது முதல் வசனத்தில்தான். பழைய மொழிபெயர்ப்பில் ‘ஒத்தாசை வரும் பர்வதங்கள்’. எபிரெயத்தில் ‘மேஅயின்’, அதாவது ‘எங்கிருந்து?’ என்ற கேள்வி. மலையே உதவின்னு பேசிட்டா, ‘ஒத்தாசை கர்த்தரிடத்திலிருந்து வரும்’ என்ற 2ஆம் வசனம் பதிலா நிக்காது. திருவிவிலியம் என்ற பிந்தைய தமிழ் மொழிபெயர்ப்பில் கேள்வியாகவே இருக்கு. இரண்டையும் வாசிச்சுக் காட்டுங்க.

கெடிலக்கரை: 3ஆம் வசனத்தில் ‘என்’ போய் ‘உன்’ வந்துடுது. வாசிப்பை இரண்டு பேருக்குப் பிரிச்சுக் கொடுங்க, விளக்கமே வேண்டாம்.

தேவனாம்பட்டினத்து_அக்கா: தம்பி, கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவங்க முன்வரிசையில் இருப்பாங்க. கர்த்தர் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பார்னு சொல்ற 7ஆம் வசனத்தை வச்சு ‘விசுவாசிச்சா ஒண்ணும் ஆகாது’ன்னு சொன்னா, செத்தவங்களுக்கு விசுவாசம் இல்லைன்னு ஆயிடும். அங்கே 5 நிமிஷமாவது நில்லுங்க. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடியுது, அதுவும் இதே சங்கீதப் புத்தகத்தில்தான் இருக்கு. 8இல் வரும் ‘போக்கும் வரத்தும்’ நம்ம கரையில் விளக்கத் தேவையில்லை. படகு போறதும் திரும்புறதும்தான்.

முதுநகர்_வாலிபர்: அப்போ 6ஆம் வசனத்தில் ‘உன்னைச் சேதப்படுத்தாது’ன்னு வர்ற பகல் வெயில், இரவு நிலவு?

எபிரெயப்_பிரியன்: ஒரே வரி. பகலும் இரவும், அதாவது எந்நேரமும்.