தினம் 72 கி.மீ., பாதி வழி குண்டும் குழியும்: எட்டு லட்சத்துக்குள் எந்தக் கார்?

மலையடிவாரம்:
எல்லாருக்கும் வணக்கம். வீடு தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், அஞ்செட்டி பக்கம் ஒரு கிராமம். வேலை ஓசூர் சிப்காட்டில். போக 36, வர 36. இதில் வீட்டுப் பக்கம் 18 கி.மீ. ரோடு என்று சொல்ல நா கூசும். கிரானைட் லாரியும் டிப்பரும் போய்ப் போய்த் தார் மொத்தமும் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. மிச்சம் இருந்ததைக் குழாய் பதிக்கிறேன் என்று தோண்டி, மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது இருப்பது பதினோரு வருஷப் பழைய சின்னக் கார். மனைவி மத்திகிரியில் ஆசிரியை, தினமும் என்கூடத்தான் வருகிறார். அவருக்கு இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது. 'குலுங்கக் கூடாது' என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ஆன் ரோடு எட்டு லட்சம், இழுத்தால் எட்டரை. மனதில் மூன்று இருக்கிறது: வேகன்ஆர் சிஎன்ஜி, பஞ்ச் பெட்ரோல், இல்லையென்றால் பழைய டஸ்டர் டீசல். சண்டை போடாமல் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மூன்றையும் எழுதிவிட்டுச் சண்டை வேண்டாம் என்கிறீர்கள், பார்ப்போம்.

மாதம் 25 நாள் வைத்தால் 1,800 கி.மீ. பெட்ரோல் வண்டி உங்கள் ரோட்டில் லிட்டருக்கு 18 கொடுக்கும் என்று வையுங்கள். 100 லிட்டர், சுமார் பத்தாயிரம் ரூபாய். சிஎன்ஜி கிலோவுக்கு 25 கி.மீ. என்றால் 72 கிலோ. கிலோ 90 ரூபாய் என்று போட்டால் 6,480. மாதம் மூவாயிரத்து ஐந்நூறு மிச்சம். சிஎன்ஜிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொண்ணூறாயிரம் சொச்சமும் இரண்டேகால் வருஷத்தில் திரும்பி வந்துவிடும். அப்புறம் எல்லாம் லாபம்.

2025 செப்டம்பர் 22-லிருந்து சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது. புதுசு வாங்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வேகன்ஆர் சிஎன்ஜி, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

கெட்டித்தகடு:
கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட முடியாதே. 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வேகன்ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு ஸ்டார். பஞ்சுக்கு 2021-லேயே ஐந்து. எதிரே வருவது கிரானைட் லாரி என்று அவரே எழுதியிருக்கிறார்.

அடி உயரமும் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) பாருங்கள். வேகன்ஆர் 165 மி.மீ., பஞ்ச் 187. அந்த ரோட்டில் 22 மி.மீ. என்பது அடி தட்டுவதற்கும் தட்டாததற்கும் உள்ள வித்தியாசம். மாதம் மூவாயிரம் மிச்சம் பிடித்து, இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பை உடைத்துக்கொள்ளவா?

கணக்குப்பிள்ளை:
கிரானைட் லாரி மோதினால் ஐந்து ஸ்டாரும் ஒன்றுதான், ஒரு ஸ்டாரும் ஒன்றுதான். அந்தச் சோதனை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடப்பது. அவருடைய ரோட்டில் 64 போக முடிந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கெட்டித்தகடு:
மிச்சம் 18 கி.மீ. நல்ல ரோடு இருக்கிறதே, அங்கே 64 போக மாட்டாரா? மத்திகிரி தாண்டினால் எல்லாரும் பறக்கிறார்கள். 'லாரி மோதினால் எல்லாம் ஒன்றுதான்' என்பது ஹெல்மெட் போடாதவன் சொல்லும் பேச்சு.

டஸ்டர்_பித்தன்:
இரண்டு பேரும் தீப்பெட்டிக்கு அடித்துக்கொள்கிறீர்கள். மோசமான ரோட்டில் சொகுசு என்றால் டஸ்டர். மற்றதெல்லாம் சமாதானம்.

சக்கரங்களுக்கு இடையே நீளம் 2,673 மி.மீ., பஞ்சுக்கு 2,445. நீளம் கூடினால் முன்னும் பின்னும் தொட்டில் ஆட்டம் குறையும். அடி உயரம் 205. டயர் 215/65 ஆர்16. வண்டியும் கனம், அதனால் பள்ளத்தில் சக்கரம்தான் இறங்கி ஏறும், உட்கார்ந்திருக்கிறவன் ஏறி இறங்க மாட்டான். ஒரகடத்தில் செய்த வண்டி. அதே 1.5 டீசல் இன்ஜின் நிசான் டெரானோவிலும் சன்னியிலும் ஓடியது, சாமானுக்குத் தவிக்க வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது 2016 மாடல். தாளவாடி மலைப்பாதையில் அம்மாவை வைத்து ஓட்டியிருக்கிறேன், தூங்கிக்கொண்டே வருவார்.

கணக்குப்பிள்ளை:
டஸ்டர் டீசல் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு நின்றுபோனது. ஆக, கிடைப்பதிலேயே இளையதுக்கும் ஐந்து வயது தாண்டிவிட்டது. பத்து வருஷம் ஆனால் டீசல் வண்டியை ஓட்டவே விட மாட்டார்கள். அம்மா தூங்கட்டும், வண்டியும் சேர்ந்து தூங்கப் போகிறது.

டஸ்டர்_பித்தன்:
பத்து வருஷத் தடை டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் போட்டது. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் இல்லை. பதினைந்து வருஷத்தில் எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், பெட்ரோலுக்கும் அதே விதிதான். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே இங்கே கொட்டாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, அது என் தப்பு. ஆனால் ஐந்து வயது விஷயம் அப்படியே நிற்கிறது.

பழைய ஸ்டியரிங்:
தம்பிகளா, முப்பது வருஷம் மஞ்சள் போர்டு ஓட்டியவன் சொல்கிறேன். அடி உயரம், அடி உயரம் என்று ஒரே நம்பரைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அந்த அளவை ஆள் ஏறாத வண்டியில் எடுத்தார்களா, ஏறிய வண்டியில் எடுத்தார்களா என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாலு பேர் ஏறி, டிக்கியில் இரண்டு மூட்டை போட்டால் ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் சங்கதி. சிஎன்ஜி வண்டியில் அந்த இரண்டு மூட்டை நிரந்தரமாகப் பின்னாடி உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் செய்ய வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

உயரமான வண்டியெல்லாம் சொகுசு என்பதும் தப்பு. பொலிரோ என்ன உயரம், எவ்வளவு கெட்டி! ஆனால் பின்னாடி பட்டை ஸ்பிரிங். ஏழு பேர் ஏறினால் நன்றாக இருக்கும், ஒருத்தர் உட்கார்ந்தால் உரலில் போட்ட நெல்தான். அம்பாசிடருக்கும் பின்னால் பட்டைதான், ஆனால் அதன் மெத்தை வேறு. 2014-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள், அந்தக் கதை இப்போது எதற்கு.

நான் சொல்வது ஒன்றுதான். இரண்டாம் கியர், இருபது கி.மீ. வேகம். 18 கி.மீ. அப்படி ஓட்டினால் கூடுதலாக இருபது நிமிஷம் ஆகும். எந்த வண்டியும் தாங்கும், எந்த இடுப்பும் தாங்கும்.

மலையடிவாரம்:
பெரியவர் சொல்வது சரிதான். ஆனால் காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்குப் பஞ்ச் வைக்க வேண்டும் (நான் சொல்வது கார் இல்லை, அட்டெண்டன்ஸ்). இருபது நிமிஷம் முன்னால் கிளம்பினால் இருட்டில் யானை நிற்கும். போன மாதம் இரண்டு முறை நின்றது. அதனால் வேகத்தை ஓரளவுதான் குறைக்க முடியும்.

மின்வண்டி:
தினம் 72 கி.மீ. என்றால் எலக்ட்ரிக் காருக்கென்றே அளந்து வைத்த தூரம். டியாகோ இவி பாருங்கள். இரவில் வீட்டில் சார்ஜ், செலவு மூன்றில் ஒரு பங்கு.

மலையடிவாரம்:
ஆசைதான் சார். எங்கள் ஊரில் இரவு மோட்டார் போட்டால் டியூப் லைட் கண் சிமிட்டும். அடியில் பேட்டரி, ரோட்டில் முழங்கால் அளவு கல். அடுத்த வண்டிக்குப் பார்க்கலாம்.

எல்4-எல்5:
என் பெயரைப் பார்த்தாலே தெரியும் (கீழ் முதுகில் டிஸ்க் விலகும் இடம்), நானும் அந்தக் கூட்டம்தான். இவ்வளவு பேசுகிறீர்களே, அந்த அம்மா எங்கே உட்காருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பின் சீட் பின் சக்கரத்தின் மேலேயே இருக்கிறது, அங்கேதான் அடி அதிகம். முன் சீட் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே வரும். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் முன்னாடிதான் உட்கார வேண்டும்.

இரண்டாவது, ஏறி இறங்குவது. தாழ்வான காரில் உட்காரும்போது இடுப்பை மடக்கித் திருப்ப வேண்டும், அதுதான் கொல்லும். வேகன்ஆரும் பஞ்சும் இதில் நல்லவை, நின்ற வாக்கில் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உட்காரலாம். டஸ்டர் எனக்குக் கொஞ்சம் உயரம், குட்டையானவர்கள் தாவ வேண்டியிருக்கும். அக்கா எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள்.

மலையடிவாரம்:
ஐந்தடி. இதுவரை பின் சீட்டில்தான் வருகிறார், முன் சீட்டில் என் கூட வேலை செய்பவர். இதை ஏன் நான் யோசிக்கவே இல்லை? நாளையிலிருந்து மாற்றிவிடுகிறேன்.

டயர்க்கடை:
நான் கடை வைத்திருப்பவன், கார் விற்பவன் இல்லை. அதனால் எந்தக் கம்பெனிக்கும் பரிந்து பேச வேண்டிய அவசியம் இல்லை.

ரோட்டில் வரும் முதல் அடியை வாங்குவது ஷாக் அப்சார்பர் இல்லை, டயர். டயரின் பக்கச் சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு மெத்தை. டயரில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து யாரும் கணக்குப் போட்டுவிடலாம். 195/60 ஆர்16 என்றால் 195-ல் 60 சதவீதம், 117 மி.மீ. 185/70 ஆர்15 என்றால் 130 மி.மீ. சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான், சுமார் 640. ஆக அடி உயரம் மாறாது, மெத்தை மட்டும் 12, 13 மி.மீ. கூடுகிறது.

இந்த இரண்டு அளவும் ஒரே காரில் வருகிறது. பஞ்ச் மேல் வேரியன்ட்டில் 16 அங்குலம், கீழ் வேரியன்ட்டில் 15 அங்குல இரும்பு ரிம். ஸ்விஃப்டிலும் இதே கதைதான்: கீழே 165/80 ஆர்14, பக்கச் சுவர் 132. மேலே 185/65 ஆர்15, அது 120. கூடக் காசு கொடுத்து முதுகுவலி வாங்குகிறோம். வேகன்ஆர் ஒரு லிட்டரில் வரும் 155/80 ஆர்13-க்கு 124. டஸ்டருக்கு 140, அந்த நண்பரின் அம்மா தூங்குவதில் பாதிக் காரணம் அதுதான். வருஷத்துக்கு வருஷம் அளவை மாற்றுவார்கள், அதனால் வாங்கும் நாளில் டயரைப் படித்துப் பாருங்கள்.

இரும்பு ரிம் பள்ளத்தில் அடி வாங்கினால் வளையும், சுத்தியல் வைத்து எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விடும். வாரத்துக்கு நாலு வருகிறது என் கடைக்கு. பளபளப்பு போதும் என்பவர்கள் பிளாஸ்டிக் கப் போட்டுக்கொள்ளலாம்.

கெட்டித்தகடு:
அப்போ நான் சொன்ன வண்டிதான்!

டயர்க்கடை:
நீங்கள் வைத்திருப்பது டாப் வேரியன்ட், போன தடவை போட்டோ போட்டிருந்தீர்கள்.

கெட்டித்தகடு:
சன்ரூஃபுக்காக எடுத்தது. பிள்ளைகள் கேட்டார்கள்.

டஸ்டர்_பித்தன்:
140 என்று அவரே சொல்லிவிட்டார். இனி என்ன பேச்சு?

பழைய ஸ்டியரிங்:
பேச்சு இருக்கிறது தம்பி. ஐந்தாறு வருஷம் ஓடிய வண்டியில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட், ஷாக் எல்லாம் யார் போட்ட பழையது? வாங்கிய கையோடு அடிவேலை மொத்தமும் செய்தால்தான் அந்தச் சொகுசு வரும். பட்டறையில் ஐம்பது அறுபதாயிரம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லாவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். காலையில் ஆறு மணிக்கு ஆலைக்குப் போக வேண்டியவருக்கு, காட்டில் யானை நிற்கும் ரோட்டுக்கு, நான் பழைய வண்டியைக் கைகாட்ட மாட்டேன். உனக்குச் சரி, நீ வண்டியைக் காதலிக்கிறாய்.

டஸ்டர்_பித்தன்:
காதல்தான். மறுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் என் மூவாயிரத்து ஐந்நூறை மறந்துவிட்டீர்கள். அஞ்சு வருஷத்தில் இரண்டு லட்சம் தாண்டும்.

எல்4-எல்5:
எனக்கு ஒரு ஆபரேஷனுக்கு ஆன செலவு அதைவிட அதிகம் அண்ணே. அதற்குப் பிறகு ஆறு வாரம் லீவு.

மலையடிவாரம் (இரண்டு வாரம் கழித்து):
நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்டேன். ரிங் ரோட்டில் ஒரு சுற்று என்றார்கள். எங்கள் ஊர் ரோடு வரை வேண்டும் என்றதும் 'மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் சார்' என்று போனவர் போனவர்தான். இன்னொரு இடத்தில் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் கொடுத்தது 16 அங்குல பஞ்ச். கடைசியில் ஆலையில் ஒருவரிடம் பஞ்ச் கீழ் வேரியன்ட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கெஞ்சி வாங்கி, இரண்டையும் ஒரே வழியில், மனைவியை முன் சீட்டில் வைத்து ஓட்டினேன். எனக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. அவர் ஐந்தாவது நிமிஷத்திலேயே சொல்லிவிட்டார், இரண்டாவதுதான் என்று. வேகன்ஆர் சிஎன்ஜியும் பார்த்தோம். ஏற இறங்க அவருக்கு ரொம்பப் பிடித்தது. டிக்கியில் சிலிண்டர், அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை.

15 அங்குல பஞ்ச் பெட்ரோல் புக் செய்துவிட்டேன். கணக்குப்பிள்ளை மன்னிக்க வேண்டும். ஒன்று சொல்ல மறந்தேன். முன் சீட்டுக்கு மாறியதிலேயே பழைய காரிலும் அவருக்கு வலி குறைந்திருக்கிறது. புதுக் கார் அவசரமே இல்லையோ என்று கேட்கிறார்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் அக்கா சொல்வதைக் கேட்டுப் புக்கிங்கை கேன்சல் செய்யுங்கள். எட்டு லட்சம் மிச்சம். என் கணக்கே தோற்றுவிட்டது.

டயர்க்கடை:
கேன்சல் செய்யாவிட்டால் ஒரு வேலை இருக்கிறது. டெலிவரி எடுத்ததும் டயரில் காற்றை அளந்து பாருங்கள். யார்டில் மாசக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதிகமாக அடைத்து வைத்திருப்பார்கள், அதை அப்படியே கொடுத்துவிடுவதும் உண்டு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று எழுதியிருக்கும். பங்கில் பையன் கேட்காமலே 40 பிஎஸ்ஐ வைப்பான், விடாதீர்கள். காற்று கூடினால் நான் சொன்ன மெத்தை கல்லாகிவிடும். பழைய காருக்கும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மலையடிவாரம்:
இப்போதுதான் பார்த்தேன். பழைய காரில் 42 இருக்கிறது.