ஆத்துல நின்ன கேஎல்எக்ஸ்150, எஞ்சின் எண்ணெய் வெள்ளையாயிருச்சு, எஞ்சின் பிரிக்கணுமா?

சிப்புட்_செம்மண் எழுதியது:

வணக்கம் மக்களே. நான் மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட், வச்சிருக்கிறது செகண்ட் ஹேண்ட் கவாசாக்கி கேஎல்எக்ஸ்150, கார்ப்ரேட்டர் வண்டி. வாரத்துல இதுலதான் வேலைக்கு, ஞாயித்துக்கிழமைன்னா கூட்டாளிங்களோட செம்பனைத் தோட்டத்து மண் ரோடு, லிந்தாங், லாசா, அப்படியே உள்ள மரக்கட்ட லோரி போற பாதை. போன ஞாயிறு மதியம் மலைப்பக்கம் மழை, திரும்பி வர்ற வழியில ஒரு ஆத்துக் கிளையக் கடக்கிறப்ப தண்ணி காலையில இருந்தத விட ஏறியிருந்துச்சு, முன்னாடி போன ரெண்டு வண்டியும் கடந்துருச்சு, என்னோடது நடு ஆத்துல அமந்து நின்னுருச்சு, தண்ணி சீட்டுக்குக் கீழ வரைக்கும். எல்லாரும் சேந்து தள்ளிக் கரையேத்துனோம், ரொம்ப நேரம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சு, வெள்ளையா புகை கக்கிக்கிட்டே வீடு வந்து சேந்துச்சு.

மறுநாள் காலையில எண்ணெய் மூடியத் திறந்து பாத்தா அசல் தே தாரே (பால் டீ) கலர். வயித்தக் கலக்கிருச்சு. பட்டணத்துல ஒரு மோட்டார் கடைக்குத் தள்ளிட்டுப் போனேன், அங்க மூடியத் திறந்து பாத்தாங்க, எண்ணெயக் கூட இறக்கல, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில இருக்கிற சீல்) போச்சு, எஞ்சின் பிரிக்கணும், 1,200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஆகும்னு சொல்லிட்டாங்க. நெசமாவே பிரிச்சுத்தான் ஆகணுமா? முன் சக்கரத்துலயும் சுத்துறப்ப கரகரன்னு ஒரு சத்தம். வீட்ல வேற, இத வித்துத் தொலைச்சிட்டு 250 ஒன்னு எடுன்னு சொல்றாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க, வண்டி இன்னும் வீட்டு முன்னாலதான் நிக்குது, ஸ்டார்ட் பண்ணவே இல்ல.

தைப்பிங்_ஃபோர்மன் எழுதியது:

தம்பி, ஸ்டார்ட் பண்ணாம வச்சிருக்கியே அது ரொம்ப நல்லது, அப்படியே வை. அந்தக் கடையில எதையும் பிரிக்கக் குடுக்காத. கேஎல்எக்ஸ்150 காத்துல ஆறுற எஞ்சின், 144சிசி, ரேடியேட்டரே கிடையாது, ஹெட்டுக்குள்ள தண்ணி ஓடுற வழியே இல்ல, அப்புறம் ஹெட் கேஸ்கெட் போய் எங்கேர்ந்து எண்ணெயில தண்ணி கலக்கும்? அந்தப் பேச்சு ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு. அதுலயும் மொதல்ல பாக்க வேண்டியது வாட்டர் பம்ப் சீல்தான், பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல ஒழுகுதான்னு பாத்துட்டுத்தான் ஹெட்டப் பத்தியே பேசணும்.

உன் வண்டியில தண்ணி வந்தது வெளியிலேர்ந்து. ஒன்னு ஏர்பாக்ஸ் (ஏர் பில்டர் இருக்கிற பெட்டி) வழியா, இல்லாட்டி எஞ்சின் மூச்சு விடுற பிரீத்தர் ஹோஸ் வழியா. நல்லா சூடா இருக்கிற எஞ்சின் குளுந்த தண்ணிக்குள்ள சட்டுன்னு நின்னா உள்ள இருக்கிற காத்து சுருங்கும், சுருங்குனா வெளியேர்ந்து இழுக்கும், ஹோஸ் முனை தண்ணிக்குள்ள இருந்தா தண்ணியத்தான் இழுக்கும். வெள்ளைப் புகையும் பயப்படுற விஷயம் இல்ல, சைலன்சர்ல நின்ன தண்ணி ஆவியாகிப் போகுது.

இப்ப செய்ய வேண்டியது. வண்டி நாள் கணக்குல நிக்குது, அதனால கலக்காத தண்ணி எண்ணெய்க்கு அடியில இறங்கியிருக்கும். அடியில ஒரு பாத்திரத்த வச்சு டிரெயின் போல்ட்ட மெதுவா தளத்து, மொதல்ல வர்றதே தெளிஞ்ச தண்ணியா இருக்கலாம், அதுக்குப் பின்னாலதான் அந்த வெள்ளைக் குழம்பு வரும். முழுசா வடியட்டும், வண்டிய ரெண்டு பக்கமும் சாய்ச்சுப் பிடி. எண்ணெய் பில்டரையும் மாத்திடு, அதுக்குள்ள குழம்பு ஒளிஞ்சிருக்கும். அப்புறம் விலை கம்மியான 4டி (ஃபோர் ஸ்ட்ரோக்) மினரல் எண்ணெய் ஊத்தி, ஸ்பார்க் பிளக்கக் கழட்டிட்டு மொதல்ல கிக்கால நாலஞ்சு மிதி மிதி, சிலிண்டர்ல தண்ணி இருந்தா பிளக் ஓட்டை வழியா பீச்சிட்டு வெளிய வந்துரும். பிளக்க மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, முறுக்காம சும்மா சூடாகிற வரைக்கும் ஓட விட்டு திரும்ப இறக்கு. எண்ணெய் தெளிவா வர்ற வரைக்கும் இதேதான், பொதுவா ரெண்டு மூனு தடவைல தெளிஞ்சிரும். கடைசியா ஊத்துறது நல்ல 10டபிள்யூ-40, டப்பாவுல ஜாசோ எம்ஏ இல்ல எம்ஏ2ன்னு போட்டிருக்கணும், ஏன்னா உன் கிளட்ச் அதே எண்ணெய்க்குள்ளதான் ஓடுது, காருக்கு ஊத்துற எண்ணெய ஊத்துனா கிளட்ச் வழுக்கும்.

கார்ப்ரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு சின்ன திருகு இருக்கும், அதத் தளத்தி ஒரு கண்ணாடிக் கிளாஸ்ல பிடிச்சுப் பாரு, பெட்ரோலுக்கு அடியில தண்ணி முத்து முத்தா உருளும். அது போகிற வரைக்கும் விடு.

ஈப்போ_250 எழுதியது:

ஃபோர்மன் அண்ணன் சொன்னதுதான். எண்ணெய் இறக்குனதும் கொஞ்சம் டீசல் ஊத்தி ஓட விட்டா இன்னும் சீக்கிரம் சுத்தமாகும், எங்க பக்கம் நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க.

250 பத்திக் கேட்டீங்க, நான் ஹோண்டா சிஆர்எஃப்250எல் ஓட்டுறேன், பி2 லைசன்ஸ்ல 250சிசி வரைக்கும் தாராளமா ஓட்டலாம், ஹைவேயில சொகம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது சுமார் 145 கிலோ, உங்களோடது 120 கிலோவுக்குள்ள. செம்பனைத் தோட்டத்து வாய்க்கால்ல முன் சக்கரம் இறங்கிருச்சுன்னா, அதுவும் தனியா இருந்தா, அந்த வித்தியாசம் இடுப்புல தெரியும். ரேடியேட்டர் இருக்கு, அதுல மட்டை குத்துனா அன்னிக்கு ரைடு முடிஞ்சுது. பெரிய வண்டி எடுத்தா ஆத்துத் தண்ணி உள்ள வராதுன்னு நெனச்சு மட்டும் மாத்தாதீங்க, எல்லா வண்டிக்கும் ஏர்பாக்ஸ் ஒன்னுதான், பிரீத்தர் ஒன்னுதான்.

தைப்பிங்_ஃபோர்மன் எழுதியது:

ஈப்போ தம்பி, டீசல் வேணாம்யா. கிராங்க் பேரிங், கேம், பிஸ்டன் இதெல்லாம் எண்ணெய்ப் படலத்து மேலதான் ஓடுது, டீசல் ரொம்ப லேசு, அந்தப் படலம் நிக்காது. ஏற்கெனவே தண்ணி பட்ட எஞ்சின், அதுல போய் இன்னும் தேய்மானத்தக் குடுக்கணுமா? ஒரு போத்தல் மினரல் எண்ணெய் காசுக்காக இத செய்யவே கூடாது. என் கையில வந்த வண்டிக்கு நான் டீசல் ஊத்த விட்டதே இல்ல.

இன்னொன்னு, வண்டி ஏன் நடு ஆத்துல அமந்துச்சுன்னு யாரும் கேக்கல. கார்ப்ரேட்டர்லேர்ந்து மெலிசா டியூப் கீழ தொங்கும் பாரு, அதுல மூச்சு டியூபும் உண்டு. அதோட முனை தண்ணிக்குள்ள போனா கிண்ணத்துக்குக் காத்து கிடைக்காது, காத்து இல்லாட்டி பெட்ரோல் ஏறாது, எஞ்சின் தானா அமந்துரும். அந்த டியூபுக்கு நடுவுல ஒரு டி-ஜாயிண்ட் போட்டு, ஒரு கிளைய டாங்கிக்கு அடியில மேல கொண்டு போய் விட்டா கீழ் முனை முங்குனாலும் மேல் முனை மூச்சு விடும். மீன் தொட்டி சாமான் விக்கிற கடையில சில காசுக்கு அந்த ஜாயிண்ட் கிடைக்கும். எஞ்சின் பிரீத்தரையும் அதே மாதிரி முடிஞ்ச வரைக்கும் உயரத்துல கட்டிடு. நடு ஆத்துல வண்டி நின்னா ஸ்டார்ட்டர அமுக்கவே கூடாது, கிக்கும் வேணாம். தண்ணி அமுங்காது, சிலிண்டர்ல தண்ணி நிக்கிறப்ப பிஸ்டன் மேல வந்தா கனெக்டிங் ராடுதான் வளையும், அப்ப நெசமாவே 1,200 வெள்ளி பத்தாது.

லாசா_மண்டோர் எழுதியது:

நான் தோட்டத்துல வேல பாக்குறவன், ரைடரும்தான், அதனால ரெண்டு பக்கமும் தெரியும். எண்ணெய் விஷயத்த ஃபோர்மன் அண்ணன் முடிச்சிட்டாரு, நான் தண்ணியப் பத்திச் சொல்றேன்.

நம்ம பக்கம் ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர், இதுலதான் மழை அதிகம், அதுவும் சாயங்கால மழை. காலையில முழங்காலுக்குக் கீழ இருந்த ஆறு மதியத்துக்கு மேல அதே ஆறு இல்ல. நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மேல கொர்பு மலைப் பக்கம் கொட்டியிருக்கும், கெப்பாலா ஆயர் (மேலேர்ந்து திடீர்னு வர்ற வெள்ளம்) வர்றதுக்கு உங்க தலைக்கு மேல மழை பேயணும்னு இல்ல. தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்குனா, காஞ்ச இலையும் சுள்ளியும் கூட்டமா மெதந்து வந்தா, ஆத்து இரைச்சல் மாறுனா வண்டியத் திருப்பிக் கரை மேல ஏத்திருங்க, யாரு என்ன சொன்னாலும் கடக்காதீங்க. அன்னிக்கு உங்க முன்னாடி ரெண்டு வண்டி கடந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, மூனாவது வண்டிக்குத் தண்ணி அதே அளவுலதான் இருக்கும்னு எந்தச் சட்டமும் இல்ல. நடந்து பாக்க முடியாத தண்ணியில வண்டிய இறக்கக் கூடாது, இதுல எனக்கு மறுபேச்சே கிடையாது.

தோட்டத்துக்குள்ள வர்றவங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும். ஜாகா (காவலாளி) வீட்டுல நின்னு கேட்டுட்டு வாங்க, ஆபீசுல கிராணிகிட்ட (கிளார்க்) பேசுனா பெரும்பாலும் விட்டுருவாங்க, கேட் கதவச் சுத்திக்கிட்டு வர்றவங்களாலதான் எல்லாருக்கும் பாதை அடைபடுது. மருந்து அடிக்கிற நாள்ல அந்த பிளாக்குக்குள்ள வராதீங்க. குலை வெட்டிக்கிட்டிருந்தா நிறுத்திக் குரல் குடுங்க, மேலேர்ந்து விழுற குலை ஒன்னு 20 கிலோவும் இருக்கும், ஹெல்மெட் காப்பாத்தாது. லோரி ஏத்துற இடத்துல உதிரிப் பழம் நசுங்கிக் கிடக்கும், அது மேல பிரேக் பிடிச்சா வண்டி நேரா படுத்துரும். தோட்டத்தத் தாண்டி அரசாங்கக் காட்டுக்குள்ள போனா காட்டிலாகா பெர்மிட் வேணும், கோலா மூ பக்கம் போறவங்க அத எடுத்துட்டுத்தான் போகணும், அங்க இருக்கிறது தெமியார் பழங்குடி மக்களோட ஊரு, பிள்ளைங்க பாதையிலதான் விளையாடும், கம்போங் (ஊரு) வந்துட்டா ரெண்டாவது கியருக்கு மேல போகாதீங்க.

சிப்புட்_செம்மண் எழுதியது:

அண்ணன்மாருங்களுக்கு ரொம்ப நன்றி. எண்ணெய் இறக்குனேன், சொன்ன மாதிரியே மொதல்ல தெளிஞ்ச தண்ணி ஒரு வாய் அளவு வந்துச்சு, அப்புறம் குழம்பு. பில்டர் மாத்தி, மினரல் ஊத்தி ஓட்டி இறக்கி, திரும்பவும் அதே மாதிரி பண்ணி, இப்ப எண்ணெய் தேன் கலர்ல தெளிவா இருக்கு, எஞ்சின் சத்தமும் பழைய மாதிரி. கார்ப்ரேட்டர் கிண்ணத்துலயும் தண்ணி இருந்துச்சு. மொத்தச் செலவு 100 வெள்ளிக்குள்ள முடிஞ்சுது.

முன் சக்கரத்தக் கழட்டிட்டேன், பேரிங்க விரல விட்டுச் சுத்துனா மணல் அரைக்கிற மாதிரி இருக்கு. அத மாத்துறப்பவே டயரும் மாத்தலாம்னு பாக்குறேன், போன மாசம் ரெண்டு தடவை மட்டை முள்ளு ஏறி பஞ்சர். காத்து எவ்வளவு வைக்கிறீங்க?

குளுவாங்_மலர் எழுதியது:

தம்பி, பேரிங் மேலயே நம்பர் குத்தியிருக்கும், அதத் தொடச்சுப் படிச்சு அதே நம்பர் வாங்குங்க, கடைசில 2ஆர்எஸ்னு இருக்கணும், ரெண்டு பக்கமும் ரப்பர் சீல்னு அர்த்தம். பேரிங் கடையிலயே கிடைக்கும், வண்டிக் கம்பெனிப் பெட்டிதான் வேணும்னு இல்ல. புது பேரிங்க அடிச்சு இறக்குறப்ப வெளி வளையத்துல மட்டும் அடிங்க, உள் வளையத்துல அடிச்சா புதுசே செத்துரும். பக்கத்துல இருக்கிற டஸ்ட் சீலையும் சேத்து மாத்துங்க, தண்ணி போன வழியே அதுதான். பின் சக்கரம், ஸ்விங்ஆர்ம் லிங்கேஜ் (பின் ஷாக்க ஸ்விங்ஆர்மோட சேக்கிற இணைப்பு), ஹேண்டில் பேரிங் மூனும் அதே ஆத்துல முங்கினதுதானே, ஒரு ஞாயித்துக்கிழமை ரைடு வேணாம்னு வச்சிட்டு அதத் திறந்து கிரீஸ் வைங்க. லிங்கேஜ யாரும் கண்டுக்கிறது இல்ல, போல்ட் உள்ளேயே துருப்பிடிச்சு உருவ முடியாமப் போன பிறகுதான் ஞாபகம் வரும்.

வண்டி கழுவுறது ரொம்ப முக்கியம். கார் கழுவுற கடையில வேகமா அடிக்கிற தண்ணிய ஆக்ஸில், செயின், ஃபோர்க் சீல் பக்கம் நேரா அடிக்க விடாதீங்க, ஆறு செய்யாத வேலைய அது செஞ்சிரும். நான் வீட்டுக் குழாய்ல, களிமண்ணு காயுறதுக்குள்ள ஈரத்தோட கழுவிருவேன். ஏர் பில்டர் ஃபோம்தானே, பெட்ரோல்ல கழுவாதீங்க, ஒட்டு விட்டுப் போகும், பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி போதும், நெழல்ல காய வச்சு, பில்டர் எண்ணெய நல்லா பிசைஞ்சு ஏத்தி, முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு மாட்டுங்க. ஒன்னுக்கு ரெண்டா வாங்கி வச்சுக்கிட்டா காயுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

காத்து, மண் பாதைல நான் 15லேர்ந்து 18 பிஎஸ்ஐ வைக்கிறேன், ஆத்துல கல்லு அதிகம்னா இன்னும் கொஞ்சம் ஏத்துவேன், தார் ரோட்டுக்கு வந்ததும் மேனுவல் அளவு. ரிம் லாக் (டயர ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற சாமான்) இல்லாம 12க்கு எல்லாம் இறக்குனா டயர் ரிம்ல நகந்து டியூப் வால்வப் பிச்சிரும். வால்வு நட்ட ரிம்மோட சேத்து இறுக்காதீங்க, மேல மூடியோட சேத்து வைங்க, வால்வு சாஞ்சா டியூப் நகருதுன்னு கண்ணுல தெரிஞ்சிரும். முள்ளுக்கு கனமான டியூபுதான் வழி, மாட்ட கஷ்டம், ஆனா நிக்கும். முள்ளு இருக்கிறது மட்டையோட அடிப்பக்கத்துல, அதனால மட்டை அடுக்கி வச்சிருக்கிற வரிசைக்குள்ள போகாம பழம் எடுக்கப் போற நடைபாதை வரிசையிலயே ஓட்டுங்க, பாதி பஞ்சர் அதுலயே கொறஞ்சிரும். பையில ஒரே ஒரு டியூப் வைக்க இடம்னா 21 இஞ்ச் டியூப வைங்க, அவசரத்துக்கு 18 இஞ்ச் பின் சக்கரத்துலயும் திணிச்சு வீடு வந்து சேரலாம், 18 டியூப் முன்னால ஏறாது.

சிப்புட்_செம்மண் எழுதியது:

அக்கா, 2ஆர்எஸ் பேரிங், டஸ்ட் சீல், கனமான 21 டியூப் மூனும் ஈப்போவுல சொல்லி வச்சிட்டேன். டி-ஜாயிண்ட் போட்டாச்சு. லிங்கேஜ் போல்ட் கொஞ்சம் இறுகித்தான் இருக்கு, ஊடுருவுற எண்ணெய் அடிச்சு ஊற விட்டிருக்கேன், நாளைக்குக் கழட்டிப் பாத்துட்டு படம் போடுறேன்.