ஹார்ட்விக் ஹால் போனவர்கள் வாங்க, பார்த்ததைச் சொல்லுங்க

ஷெஃபீல்டிலிருந்து:

இங்கிலாந்தின் டெர்பிஷரில் M1 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் குன்றின் மேல் ஆறு கோபுரங்களோடு நிற்கும் இந்த மாளிகையைத் தூரத்திலேயே பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து உள்ளேயும் போய்ப் பாருங்கள். 1590-களில் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத் கட்டியது. ஊரார் அவரை 'பெஸ்' என்றுதான் சொல்வார்கள். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன். கோபுர உச்சிகளில் அந்த அம்மாவின் பெயரின் முதலெழுத்துகளை ஆளுயரக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நான்கு முறை மணந்து நான்கு முறை விதவையான ஒரு பெண், எழுபதை நெருங்கும் வயதில் தன் பெயரை வானத்தில் எழுதி வைத்திருக்கிறார். அண்ணாந்து பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

கட்டடத்தின் சூட்சுமம் மாடி ஏறும்போதுதான் பிடிபடும். கீழ்த்தளம் வேலைக்காரர்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, மேல்தளம் ராஜ உபசாரத்துக்கு. ஏற ஏறக் கூரை உயர்கிறது, ஜன்னலும் பெரிதாகிறது. அகலமான கல்படிகள் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கின்றன. ஏறி முடித்தால் உயர் பேரறை. சுவரின் மேல்பாதி முழுக்க வண்ணம் பூசிய சுதைச் சிற்பம்: அடர்ந்த காடு, விலங்குகள், நடுவே வேட்டைத் தெய்வம் டயானா. அது முதலாம் எலிசபெத் மகாராணிக்கான வணக்கம் என்கிறார்கள். ராணி கடைசிவரை இங்கே வரவே இல்லை. வண்ணம் மங்கிவிட்டது, ஆனால் அந்த மங்கலிலும் காடு காடாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் இங்கிலாந்தில் இதைவிட அழகான அறை கிடையாது.

நாட்டிங்ஹாமிலிருந்து:

நான் துணி வேலைப்பாட்டில் ஆர்வம் உள்ளவள், அதனால் நீளக் கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன். மேல்தளத்தின் கிழக்குப் பக்கம் முழுவதும் அதுதான். அங்கே பைபிளில் வரும் கிதியோன் கதையைச் சொல்லும் 13 டேப்ஸ்ட்ரிகள், அதாவது சித்திரம் நெய்த திரைச்சீலைகள், தொங்குகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 6 மீட்டர் உயரம். முதலில் எலிசபெத் ராணியின் அரசவைப் பிரமுகர் சர் கிறிஸ்டோபர் ஹாட்டனுக்காக 1578-இல் நெய்தவை. அவர் கடனோடு இறந்தபின் பெஸ் அவருடைய வாரிசிடமிருந்து வாங்கினார். ஹாட்டனின் குலச்சின்னத்தை மாற்ற வேண்டியிருக்கிறதே என்று விலையில் 5 பவுண்டு குறைக்கச் சொல்லி வாங்கியிருக்கிறார்! சின்னங்களின் மேல் தன்னுடைய சின்னம் வரைந்த துணியை ஒட்டவைத்தார். ஹாட்டனின் பெண்மானுக்குக் கொம்பு வைத்துத் தன் குடும்பத்து ஆண்மானாக்கிவிட்டார். கிட்டப் போய் நின்று அந்தக் கொம்புகளைத் தேடிப் பாருங்கள், அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இந்த மாளிகையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை இந்தத் தொகுதியைச் சீராக்க 24 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது, 2023-இல்தான் முடிந்தது. வெளிச்சம் பட்டால் நூல் இற்றுப்போகும் என்பதால் ஜன்னல் திரைகளை இறக்கி வைத்திருப்பார்கள். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

பர்மிங்ஹாமிலிருந்து:

இரண்டு பேரும் விட்டதை ஒரு சிவில் என்ஜினீயராக நான் சொல்கிறேன். "சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்று இந்த வீட்டைப் பற்றிப் பழைய சொலவடையே உண்டு. கண்ணாடிக்கு அந்தக் காலத்தில் விலை எக்கச்சக்கம். சரி, இவ்வளவு ஜன்னல் வைத்தால் வெளிச்சுவர் பலவீனமாகாதா? கணப்புகளையும் புகைபோக்கிகளையும் பெரும்பாலும் உட்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார் ஸ்மித்சன். வெளிச்சுவரில் புகைக்குழாய்க்கென்று இடம் விட வேண்டியதில்லை, அந்த இடமெல்லாம் ஜன்னலுக்கு. இன்னொன்று, வெளியிலிருந்து ஒரே சீராகத் தெரியும் ஜன்னல்களில் சில பொய் ஜன்னல்கள். கண்ணாடிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது.

அப்புறம், நுழைந்ததும் வரும் பெருங்கூடத்தைக் கவனியுங்கள். அதுவரை இங்கிலாந்து வீடுகளில் கூடம் முகப்புக்கு இணையாகக் கிடக்கும். இங்கே வாசலிலிருந்து நேராகப் பின்பக்கம்வரை ஓடுகிறது. இடமும் வலமும் ஒத்திருக்கும் திட்டம் அதனால்தான் சாத்தியமானது. குளிர்காலத்தில் போனால் தடித்த கோட்டு போட்டுக்கொள்ளுங்கள், அத்தனை கண்ணாடிக்கும் அந்தக் குன்றின் காற்றுக்கும் கணப்பெல்லாம் ஈடுகொடுக்காது.