கம்பம் நட்டாச்சு, பகல் ரயில் எப்போது?

சித்தப்பா (பட்டுக்கோட்டை): காலையில் ஸ்டேஷன் பக்கம் போயிருந்தேன். தண்டவாளம் நெடுக மின்கம்பம் நட்டிருக்கிறார்கள். போட்டோ பாருங்கள்.

அத்தை (தாம்பரம்): மனசு நிறைந்துவிட்டது தம்பி. அப்போ, முன்பு சென்னையிலிருந்து நம்ம ஊர் வழியாகப் போன கம்பன் எக்ஸ்பிரஸ் திரும்ப வருமா?

அண்ணன் (வேளச்சேரி): மின்கம்பி இழுத்தால் மட்டும் ரயில் வந்துவிடாது அத்தை. பெரியப்பா சொல்லட்டும், முப்பது வருஷம் இன்ஜின் ஓட்டியவர்.

பெரியப்பா (பெரம்பூர்): உண்மைதான். 2012ல் நம்ம பட்டுக்கோட்டை வழியாகப் போன மீட்டர்கேஜை, அதாவது பழைய குறுகிய பாதையை, மூடினார்கள். அகலப்பாதை போட்டு 2019 ஜூனில் திருவாரூர்–காரைக்குடி ரயில் விட்டபோது 149 கிலோமீட்டருக்கு 6 மணி நேரம் ஆனது. பாதை புதுசுதான், சாலை குறுக்கிடும் ரயில்வே கேட்டில்தான் ஆள் இல்லை. கேட்கீப்பரை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், ஆள் இறங்கி மூடுவார். தாண்டியதும் மறுபடி நிற்கும், திறந்துவிட்டு வந்து ஏறவேண்டும். அந்த வெயிலில் ஜல்லிமேல் நடந்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அத்தை (தாம்பரம்): 1931லேயே பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்ததால்தானே அண்ணா எங்கள் தாம்பரம் இப்படி வளர்ந்தது?

பெரியப்பா (பெரம்பூர்): வண்டியை விட்டுக்கொண்டே இருந்தார்களே பாப்பா, அதனால். கம்பியால் நமக்கும் லாபம் உண்டு. கம்பி முடிகிற இடத்தில் மின்சார இன்ஜினைக் கழற்றி, டீசலைக் கோத்து, பிரேக் பார்த்து அனுப்பும் நேரம் மிச்சம். ஆனால் ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்கு ஒதுங்க ஸ்டேஷனில் லைன் வேண்டும், கேட்டுக்கு ஆள் வேண்டும், ஓட்டப் பெட்டியும் வேண்டும்.

அண்ணன் (வேளச்சேரி): 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலத்தோடு தாம்பரம்–ராமேஸ்வரம் தினசரி ரயில் நம்ம ஊர் வழியாகத்தானே வந்தது?

அத்தை (தாம்பரம்): அதில்தான் போனேன்டா. புண்ணியமாகப் போச்சு. ஆனால் பட்டுக்கோட்டையில் இறங்கும்போது நடுராத்திரி. முட்டிவலியோடு இருட்டில் படி இறங்கி, தம்பி பைக் வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. காலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும்.

பெரியப்பா (பெரம்பூர்): அதைத்தான் கேட்க வேண்டும். மின்மயமாக்கல் முடியும்போதே பகல் ரயில் என்று எழுதுவோம்.

சித்தப்பா (பட்டுக்கோட்டை): பேராவூரணி, அறந்தாங்கி ஆட்களையும் சேர்க்கிறேன் அண்ணா. கேட்கீப்பர் விஷயத்தை முதல் வரியிலேயே போடுங்கள்.

அண்ணன் (வேளச்சேரி): சரி, ராத்திரிக்குள் கடிதத்தை டைப் செய்து இங்கே போடுகிறேன். அத்தை, முதல் கையெழுத்து உங்களுடையது.