புதுப்பிப்பு: மைன்கிராப்ட் மரவீட்டின் கூரை ஏன் மொட்டையானது?

போன மாதம் கேட்டிருந்தேனே, மைன்கிராப்ட் கணினி விளையாட்டில் காட்டு மரத்தின் மேல் கட்டிய வீட்டைச் சுற்றியிருந்த இலையெல்லாம் தானாக உதிர்கிறது என்று? காரணம் கிடைத்துவிட்டது. குற்றவாளி நான்தான்.

அறை பெரிதாக வேண்டும் என்று நடுவிலிருந்த 2×2 அடிமரத்தை நான்கு கட்டை (விளையாட்டில் எல்லாவற்றுக்கும் அளவான கனசதுரம்) உயரத்துக்கு வெட்டி எடுத்திருந்தேன். அதோடு உச்சியிலும் கொஞ்சம் மரம் போயிற்று. தானாக வளர்ந்த இலைக்கு ஆறு கட்டை தூரத்துக்குள், இலைகள் வழியாகவே எண்ணினால், ஒரு மரக்கட்டையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உதிரும். கையால் வைத்த இலைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சரி, இப்போது என்ன செய்தேன்? கூரைக்கு மேல் இலைக்குள்ளேயே மரக்கட்டைகளைக் கிளை மாதிரி நாலாபக்கமும் ஒளித்து வைத்தேன். கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உதிர்ந்த இடங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து வந்த இலைகளால் நிரப்பினேன். முன்பைவிட அடர்த்தியாகவே இருக்கிறது.

அப்புறம் வீட்டுக் கணப்பு. நெதர்ராக் என்ற, பற்றவைத்தால் அணையாமல் எரியும் கல்லில் தீ மூட்டி அழகு பார்த்தேன். ஒரு நாள் படிக்கட்டோடு பாதி பால்கனி சாம்பல். இப்போது கேம்ப்ஃபயர்தான். புகை வரும், பக்கத்தில் பற்றாது. மேலே ஏறி நின்றால் மட்டும் சுடும், அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று.

கயிற்றுப் பாலம் இன்னும் பாக்கி. அது போய்ச் சேர வேண்டிய இரண்டாவது மரத்துக்கு நான்கு கன்றுகளைச் சதுரமாக நட்டிருக்கிறேன்.